ராயலசீமையின் தோல்பொம்மலாட்டம்

தோல்பொம்மலாட்டம் ஆந்திர மாநிலத்தின் நிழற்கூத்து. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவம் வரைந்து, வெட்டி, வண்ணம் தீட்டிய பொம்மைகளை வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டி, ராமாயண, பாரதக் கதைகளை விடிய விடியப் பாடி நடத்துவது அதன் முறை. கடலோர ஆந்திரத்திலும் இக்கலை உண்டு. என்றாலும் சித்தூர், கடப்பா, அனந்தபூர், கர்னூல் என்ற நான்கு பழைய மாவட்டங்கள் சேர்ந்த ராயலசீமையில்தான் இது ஒரு நாடகக் குலத்தையே உருவாக்கியது. இன்றும் பெயர் சொல்லும் கலைஞர்களைத் தந்துகொண்டிருக்கிறது.

இந்த நிலப்பரப்பின் தென்கோடியில் இருப்பது சித்தூர். வட ஆற்காடு மாவட்டத்தின் சித்தூர், பலமநேர், சந்திரகிரி முதலிய வட்டங்களையும் கடப்பாவின் மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகளையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைநாடு இது. ஊர் ஊராய்ப் போய் ஆடும் கூத்துகளுக்கு இத்தகைய எல்லைநாடு நல்ல களம். திரௌபதியம்மன் கோயில்களின் பாரதக் கூத்து, செக்க பஜனை, கோலாட்டம், ஹரிகதை ஆகியவற்றோடு தோல்பொம்மையின் கதைகளையும் அறிந்த மண் இது.

பழமை

பாவையை ஆட்டிக் கதை சொல்லும் வழக்கம் தென்னாட்டில் மிகப் பழையது. கயிற்றால் இயங்கும் மரப்பாவையைத் திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். தெலுங்கில் தோல்பொம்மைகளைப் பற்றிய பழைய சான்றுகளுள் முக்கியமானது பால்குரிகி சோமநாதரின் ‘பண்டிதாராத்ய சரித்திரம்’. 12-13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் இந்த வீரசைவக் கவிஞர், ஸ்ரீசைலத்தில் அடியார்கள் கூடும் விழாவில் நடந்த பலவகை ஆட்டங்களை விவரிக்கும்போது இதையும் குறிப்பிடுகிறார். அக்காலத்திலேயே பெருங்கூட்டம் கூடும் இடங்களில் தோல்பொம்மைக்கு இடம் இருந்தது என்பது இதிலிருந்து உறுதியாகிறது.

பொம்மலாட்டக்காரர்களுக்குப் பாட்டு தந்த நூல்களுள் முதன்மையானது, கோன புத்தா ரெட்டி 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘ரங்கநாத ராமாயணம்’. அது துவிபதை என்னும் ஈரடி யாப்பில் அமைந்தது. துவிபதை நாவில் எளிதில் ஓடும். கேட்ட மாத்திரத்தில் மனத்தில் தங்கும். மிருதங்கத்தின் நடைக்கும் இசைந்து வரும். எழுத்தறியாத கலைஞரும் நூற்றுக்கணக்கான ஈரடிகளை மனப்பாடமாக வைத்திருக்க முடிந்தது. பாட்டு வாய்மொழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. பாட்டுக்கு இடையே வரும் உரையாடலை ஆட்டுபவர் அந்தந்த ஊருக்கும் இரவுக்கும் ஏற்பச் சொந்தமாகவே பேசினார்.

விஜயநகரப் பேரரசின் காலத்தில் ராயலசீமையின் கலைகள் செழித்தன. பேரரசின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்றான சந்திரகிரி, திருப்பதியை ஒட்டியே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் லேபாட்சி வீரபத்திரர் கோயிலின் விதானங்களில் தீட்டப்பட்ட ஓவியங்களையும் தோல்பொம்மைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு விளங்கும். பக்கவாட்டில் திரும்பிய முகம், அகன்ற கண், அழுத்தமான கறுப்புக் கோடு, கோட்டுக்குள் தட்டையாக நிரப்பிய வண்ணம், உடலெங்கும் நகை, பூவேலை செய்த ஆடை என்று எல்லாம் பொது. ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரித் துணிகளிலும் இதே முகங்களும் இதே கதைகளும் வருகின்றன. சுவர், துணி, தோல் என்று பரப்பு மாறினாலும் வரைந்த கைகள் ஒரே மரபில் பயின்றவை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆட்டியவர்கள்

ராயலசீமையில் தோல்பொம்மை ஆட்டும் குடும்பங்கள் பெரும்பாலும் மராட்டிய வழியினர். ஆரெ காபு, ஆரெ மராட்டியர் என்று அவர்களை அழைப்பார்கள். வீட்டில் மராத்தியின் ஒரு வட்டார வடிவம் பேசுவார்கள். திரைக்குப் பின்னால் தெலுங்கில் பாடுவார்கள். இவர்களின் உறவுக் குழுக்கள் தென்னிந்தியா முழுவதும் பரவியிருக்கின்றன. கன்னட நாட்டில் இவர்கள் கிள்ளேக்யாத்தர், தமிழ்நாட்டில் மண்டிகர். தமிழ்நாட்டுத் தோல்பாவைக் கூத்தை நடத்திவந்தவர்கள் இந்த மண்டிகரே. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய ஏழு தொகுதி நூலில், தெலுங்கு, கன்னட, மராத்திப் பகுதிகளில் தோல்படம் காட்டிப் பிழைக்கும் கிள்ளேக்யாத்தரைப் பற்றி எழுதியிருக்கிறார். போன இடத்தின் மொழியைப் பாட்டு மொழியாக ஏற்றதால்தான் இக்குடும்பங்கள் மூன்று மாநிலங்களில் நிலைத்து நிற்க முடிந்தது.

ஒரு குழு என்பது ஒரு குடும்பம். கணவனும் மனைவியும், மகன்களும் மருமகள்களும், சில சமயம் பேரப்பிள்ளைகளுமாக எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். சீதைக்கும் திரௌபதிக்கும் பெண்களே குரல் கொடுத்தார்கள், பொம்மையும் ஆட்டினார்கள். பெண்களை மேடையேற்றாத கூத்துகள் பல இருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்கது. அறுவடை முடிந்து நெல்லும் கேழ்வரகும் வீடு சேர்ந்த பின் இவர்கள் மாட்டுவண்டியில் புறப்படுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி வெற்றிலை பாக்கு வைத்து ஆட்டத்துக்கு அழைப்பார்கள். கூலியாகத் தானியமும் துணியும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் பாரதத்தின் விராட பருவத்தை ஆடவைத்தால் மழை இறங்கும் என்ற நம்பிக்கை தெலுங்கு நாட்டில் வேரூன்றியிருந்தது. வறட்சியையே அன்றாடமாகக் கண்ட ராயலசீமையில் அந்த நம்பிக்கை இக்கலைக்குப் பொழுதுபோக்கைத் தாண்டிய ஒரு மதிப்பைத் தந்தது.

தோல் பொம்மையாவது

ஆந்திரத் தோல்பொம்மைகள் இந்தியாவின் நிழற்பாவைகளிலேயே மிகப் பெரியவை. நான்கு முதல் ஆறு அடி உயரம் வரை இருக்கும். ஒடிசாவின் ‘ராவணச்சாயா’ பாவைகள் சிறியவை, மூட்டு இல்லாதவை, திரையில் கறுப்பு நிழல் மட்டுமே விழும். கேரளத்தின் தோல்பாவைக் கூத்திலும் நிழல் கறுப்புத்தான். ஆந்திரத்தின் பொம்மையோ ஒளியை உள்ளே வாங்கி வண்ணத்தோடு திரையில் தெரியும். சிவப்பும் பச்சையும் நீலமும் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணாடி போல் ஒளிரும்.

அந்த ஒளி ஊடுருவும் தன்மை பதப்படுத்தும் முறையில் இருக்கிறது. ஆட்டுத்தோலை வெந்நீரில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். பிறகு நாற்புறமும் இழுத்துக் கட்டி வெயிலில் காயவைப்பார்கள். தோல் சுருங்காமல், தடிப்பு ஓரிடத்திலும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிஞ்சினால் அந்த இடம் திரையில் அழுக்குப் போல் இருண்டு தெரியும். காய்ந்த தோலில் முதலில் கூரிய முனையால் உருவத்தைக் கீறி, பிறகு கறுப்பில் கோடு இழுப்பார்கள். அடுத்து வருவது துளையிடும் வேலை. வட்டம், பிறை, முக்கோணம் என்று வெவ்வேறு முனைகொண்ட சிற்றுளிகளைத் தோலின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி மாலை, ஒட்டியாணம், கிரீடம், வளையல், சேலைக்கரை எல்லாவற்றையும் துளைகளாலேயே அமைப்பார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு எரியும்போது அந்தத் துளைகள் வழியே வெளிச்சம் பாய்வதால் நகை நகையாகவே மின்னும். கடைசியில் இருபுறமும் வண்ணம் ஏற்றுவார்கள். முன்பு செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயம். பிற்காலத்தில் கடைச் சாயம்.

தலை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய உறுப்புகளைத் தனித்தனியே வெட்டி நூலால் முடிச்சிட்டு இணைப்பார்கள். பெரிய பாத்திரங்களுக்கு ஒரு தோல் போதாது. ராவணனின் தலைகளுக்கும் கைகளுக்கும் மட்டுமே பல தோல்கள் தேவைப்படும். நடனமாடும் பெண் பொம்மைக்கு மூட்டுகள் அதிகம். உடலின் நடுவே நெடுக்காகப் பிளந்த குச்சி ஒன்றைப் பொருத்தி, அதைப் பிடித்துப் பொம்மையைத் தாங்குவார்கள். கைகளை அசைக்கத் தனிக் குச்சிகள் உண்டு. உழைத்துத் தேய்ந்த பொம்மையைக் குப்பையில் எறியும் வழக்கம் இல்லை. ஆற்றில் விடுவார்கள். தெய்வமாக நின்று ஆடிய தோலுக்கு அவர்கள் செய்த மரியாதை அது.

ஓர் இரவு ஆட்டம்

ஊர் மந்தையிலோ கோயில் முன்னாலோ கம்புகள் நட்டு, மூன்று புறமும் மறைத்து, முன்புறம் வெள்ளைத் துணிகளை இழுத்துக் கட்டினால் மேடை தயார். பின்னால் வரிசையாக எண்ணெய் விளக்குகள் எரியும். 20ஆம் நூற்றாண்டில் அவற்றின் இடத்துக்குப் பெட்ரோமாக்ஸ் வந்தது, பிறகு மின்விளக்கு. எண்ணெய் விளக்கின் சுடர் காற்றில் ஆடும்போது பொம்மையின் நிழலும் மூச்சுவிடுவது போல் அசைந்தது. அசையாத மின்விளக்கின் முன் அந்த உயிர்ப்பைக் கொண்டுவரக் கலைஞர் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது.

ஆட்டம் கணபதி வணக்கத்தோடு தொடங்கும். கணபதி பொம்மையும் சரசுவதி பொம்மையும் திரைக்கு வந்து போன பிறகு கோமாளிகள் நுழைவார்கள். கேத்திகாடு, பங்காரக்கா, குடுமி வைத்த ஜுட்டுப்போலிகாடு ஆகியோர் ஆந்திர ஆட்டத்தின் நிலையான கோமாளிகள். தமிழ்நாட்டுத் தோல்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இவர்களுக்கு உறவினர். ராமனும் கண்ணனும் பேச முடியாததை இவர்கள் பேசுவார்கள். ஊர் வரிக்கொடுமை, கடன்காரனின் கெடுபிடி, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் இவர்கள் வாயில் வரும். கதை சோகத்தில் கனக்கும்போது நுழைந்து, தூங்கி வழியும் கூட்டத்தைச் சிரிக்கவைத்து எழுப்புவதும் இவர்கள் வேலை.

ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், சலங்கை ஆகியவை பக்கவாத்தியம். போர்க்காட்சிகளுக்கு மட்டும் இன்னொரு கருவி உண்டு. ஆட்டுபவர் தம் காலடியில் மரப்பலகைகளைப் போட்டுவைத்திருப்பார். அம்பு பாயும்போதும் கதை மோதும்போதும் அவற்றை ஓங்கி மிதிப்பார். கையில் இரண்டு பொம்மைகள், வாயில் பாட்டு, காலில் போரின் இடி என மூன்றும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நேரத்தில் வரும். இந்த ஒருங்கிணைப்புக்குச் சிறுவயதிலிருந்தே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பழக வேண்டும். சுந்தர காண்டம், லங்கா தகனம், மைராவணன் கதை, பத்ம வியூகம், கீசக வதம், விராட பருவம் ஆகியவை மக்கள் விரும்பிக் கேட்டவை.

பொம்மையிலிருந்து நாடக மேடைக்கு

இக்குலத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம் 1885இல் நிகழ்ந்தது. கடப்பா மாவட்டத்தின் சுரபி என்னும் சிற்றூரில், தோல்பொம்மை ஆட்டும் மராட்டியக் குடும்பத்தைச் சேர்ந்த வனாரச கோவிந்த ராவ், கீசக வதக் கதையைப் பொம்மைகளின்றி மனிதர்களையே நடிக்கவைத்து அரங்கேற்றினார். ‘சுரபி நாடகம்’ பிறந்தது அப்படித்தான். குடும்பம் கிளைவிட்டுப் பெருகியபோது குழுக்களும் பெருகின. ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சுரபிக் குழுக்கள் தெலுங்கு நாடெங்கும் சுற்றின.

திரைக்குப் பின்னால் கற்றவற்றை அவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பொம்மையைக் காற்றில் பறக்கவிட்டவர்கள் நடிகரைக் கயிற்றில் பறக்கவிட்டார்கள். மேடையில் நெருப்பு எரிந்தது, மழை பெய்தது, தேவர்கள் வானிலிருந்து இறங்கினார்கள். பெண் வேடங்களைப் பெண்களே ஏற்றார்கள். மற்ற நாடகக் கம்பெனிகளில் ஆண்களே பெண் வேடமிட்ட காலம் அது. வீட்டுப் பெண்கள் சீதைக்குக் குரல் கொடுத்துப் பழகிய குலத்துக்கு இது இயல்பான அடுத்த படி. 1937இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வர நாட்டிய மண்டலி, ‘மாயாபஜார்’, ‘பாதாள பைரவி’ போன்ற நாடகங்களைத் தலைமுறை தாண்டி நடத்திவந்தது. அதை வழிநடத்திய சுரபி நாகேஸ்வர ராவுக்கு 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மாஸ்கோவில் நடந்தது

ஏறத்தாழ இதே காலத்தில் ரஷ்யாவிலும் பொம்மலாட்டம் தெருவிலிருந்து அரங்குக்குச் சென்றது. அங்கே கேத்திகாடுவின் இடத்தில் இருந்தவன் பெத்ருஷ்கா. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கைப்பாவையாக வந்து, போலீஸ்காரனையும் பணக்காரனையும் தடியால் அடித்துச் சிரிக்கவைத்த கோமாளி அவன். நீனா சிமனோவிச்-எஃபீமவா (1877-1948) என்ற ஓவியரும் அவர் கணவரான சிற்பி இவான் எஃபீமவும் அந்தத் தெருப்பாவையைக் கையில் எடுத்தார்கள். 1918இல் மாஸ்கோவில் அவர்கள் பொம்மை அரங்கு நடத்தத் தொடங்கினார்கள். கிரிலோவின் நீதிக்கதைகளை ஆடினார்கள். ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ காட்சிகளையும் பொம்மைகளைக் கொண்டு நடித்துக்காட்டினார்கள். தம் அனுபவங்களை நீனா 1925இல் நூலாக எழுதினார். கோல்களால் கைகளை இயக்கும் பாவை வகையை அவர்கள் வளர்த்ததற்கு ஜாவாவின் வயாங் பாவைகள் தூண்டுதலாக இருந்தன.

அந்த வழியில் வந்தவர் செர்கேய் ஒப்ராஸ்த்சோவ் (1901-1992). 1931இல் மாஸ்கோவில் தொடங்கிய மத்திய அரசுப் பொம்மை அரங்குக்கு அவர் தலைமை ஏற்றார். பட்டறை, பயிற்சி, அருங்காட்சியகம், நூலகம் என்று பொம்மைக்கு ஒரு முழு நிறுவனமே அங்கே அமைந்தது. அந்தத் தொடர்பு இந்தியாவுக்கும் வந்தது. 1960களில் மாஸ்கோ சென்று ஒப்ராஸ்த்சோவிடம் பயின்ற சுரேஷ் தத்தா, 1973இல் கல்கத்தா பப்பெட் தியேட்டரை நிறுவினார்.

ரஷ்யத் தெருப்பாவைக்குக் கிடைத்த நிலையான அரங்கும் முறையான பயிற்சியும் ராயலசீமைக்குக் கிடைக்கவில்லை. இங்கே ஒவ்வொரு குடும்பமும் தானே பள்ளியாகவும் பட்டறையாகவும் அரங்காகவும் இருந்தது. குடும்பத்தின் வருமானம் நின்றால் மூன்றும் சேர்ந்தே நின்றுவிடும் நிலை.

தேய்வும் மறுவாழ்வும்

அந்த நிலை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. முதலில் பேசும்படம், பிறகு டூரிங் டாக்கீஸ், அதன் பின் தொலைக்காட்சி என்று ஊரின் இரவுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ஜமீன்களும் கிராமக் கொடைகளும் மறைந்தபோது ஆட்டத்துக்குத் தானியம் அளந்த கைகளும் குறைந்தன. பொம்மை ஆட்டியவர்கள் கூலி வேலைக்கும் சிறு வியாபாரத்துக்கும் போனார்கள். பழைய பொம்மைகள் பல, கலைப்பொருள் வியாபாரிகள் வழியாக வெளிநாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே காலத்தில் சித்தூர் மண்ணின் இன்னொரு கலைக்கு வேறு வழி திறந்தது. அழிவின் விளிம்பில் இருந்த ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரிக்கு, கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமையிலான அகில இந்தியக் கைவினை வாரியத்தின் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் ஒரு பயிற்சி மையம் அமைந்தது. அங்கிருந்து ஒரு புதிய தலைமுறை எழுந்தது. ஜொன்னலகட்டா குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்பக் கல்லூரியிலும் கலம்காரி ஒரு பாடம்.

தோல்பொம்மைக்கு மறுவாழ்வு வேறு வடிவில் வந்தது. அனந்தபூர்ப் பகுதியில் தர்மவரத்தை அடுத்த நிம்மலகுண்டாவின் குடும்பங்கள், தோலில் வரைந்து துளையிடும் அதே திறமையைக் கொண்டு விளக்குக்கூடுகளும் சுவர்ப்படங்களும் செய்யத் தொடங்கின. நகரங்களின் கைவினைக் கடைகளில் அவை விலைபோயின. ஆந்திரத் தோல்பொம்மைக் கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நிம்மலகுண்டாவின் தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு கேரளத்தின் ராமச்சந்திர புலவரும், 2025இல் கர்நாடகத்தின் பீமவ்வா ஷிள்ளேக்யாத்தரும் அதே விருதைப் பெற்றார்கள். தென்னாட்டு நிழற்கூத்துக்கு நாடு தாமதமாகத் தந்த அங்கீகாரம் இது.

விளக்குக்கூடு இந்தக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. தோல் வேலையைக் காப்பாற்றியது. அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் தோல் வேலை கலையின் ஒரு பாதி மட்டுமே. துவிபதைப் பாட்டு, கேத்திகாடுவின் பேச்சு, பலகையை மிதிக்கும் காலின் கணக்கு, இரு கையில் இரு பாத்திரங்களை எதிரெதிரே நிறுத்தும் திறன் ஆகிய மறுபாதி கடையில் விலைபோகாது. ஆட்டம் நடந்தால்தான் அது உயிரோடு இருக்கும். கேரளத்தில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் ஆண்டுதோறும் கம்பராமாயணம் தோல்பாவையில் நடப்பதால்தான் அங்கே பாட்டும் ஆட்டமும் சேர்ந்தே தப்பின. பாவைக்கு அங்கே ஓர் இடமும் ஒரு நாளும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

ராயலசீமையும் அதைச் செய்ய முடியும். கலம்காரிக்கு வகுப்பறை தந்த திருப்பதி தோல்பொம்மைக்கும் ஒன்று தரலாம். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து சேரும் அந்த நகரத்தில், வாரத்தில் ஓரிரவாவது திரை கட்டி விளக்கேற்றலாம். நான்கு தென்மொழிகளையும் முன்வைத்து 1997இல் குப்பத்தில் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், தெலுங்கில் பாடும் ஆரெ குடும்பங்களையும் தமிழில் பாடும் மண்டிகரையும் ஒரே மேடையில் சேர்த்து, மிஞ்சியிருக்கும் பாட்டுகளை முழுமையாகப் பதிவு செய்யலாம். பாட்டு அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே இவற்றைச் செய்துவிட வேண்டும்.